எல்லை தாண்டிய பேதுரு

எங்கள் காரை 2018-இல் பெங்களூரில் வாங்கினோம். விலை ஏழு லட்சத்தை ஒட்டி. கர்நாடகத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி நூற்றுக்கு 14. அதற்கு மேல் செஸ். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய் வந்தது. என் கணவர் அதை ஒரே தவணையில் கட்டிவிட்டு, ரசீதை மடித்து வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பைலில் வைத்தார். “ஆயுசுக்கும் கட்டியாச்சு. இனி இந்த வண்டிக்கு வரின்னு நாம அரசாங்கத்துக்குக் கடன்பட்டவங்க இல்ல” என்றார். பாக்கி வைக்க அவ்வளவு பயந்த மனிதர். மளிகைக் கடையில் சில்லறை இல்லையென்று ஐந்து ரூபாய் பாக்கி நின்றாலும் அன்று சாயங்காலமே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

2024-இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடுத்த ஜனவரியில், முப்பத்தோரு வருஷப் பெங்களூர் வாழ்க்கையை மூட்டை கட்டிக்கொண்டு, தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பினேன். காரை அண்ணன் மகன் ஓட்டிவந்தான். அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, தொப்பூர், கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று சுங்கச்சாவடிகள் வந்துகொண்டே இருந்தன. ஃபாஸ்டேக் அவர் பெயரில் இருந்தது. ஒவ்வொரு சாவடியிலும் பணம் கழிந்த செய்தி அவர் கைபேசிக்கு வந்தது. அந்தக் கைபேசி என் கைப்பைக்குள் இருந்தது. சாலைப்புதூர் வரைக்கும் அது அதிர்ந்துகொண்டே வந்தது.

வாழ்நாள் வரி என்றால் யாருடைய வாழ்நாள் என்று அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாக நினைத்தேன். அவர் வாழ்நாள் முடிந்துவிட்டது. வண்டிக்குப் பதினைந்து வருஷப் பதிவில் அப்போது பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் அந்த வரியின் வாழ்நாள் ஓசூர் எல்லையோடு முடிந்து போயிற்று.

சட்டம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் முறையாகப் பதிந்த வண்டி இந்தியா முழுவதும் செல்லும், வேறெங்கும் மறுபடி பதிய வேண்டியதில்லை என்கிறது. அடுத்த பிரிவே, வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்கிறது. பதிவு மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது. வண்டிமீது வரி போடும் உரிமையோ அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-ஆம் இனமாக இருக்கிறது. ஆகவே எண் மாறினால் வரியும் புதிதாகப் பிறக்கிறது. கர்நாடகத்தில் 2014-இல் கொண்டுவந்த ஒரு திருத்தம், வெளிமாநில வண்டி முப்பது நாள் தாண்டினாலே வாழ்நாள் வரி கட்ட வேண்டும் என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2016-இல் அதைச் செல்லாது என்று தள்ளிற்று. வேலைக்காக அங்கே வந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அந்த இரண்டு வருஷம் சாலையில் வண்டியை எடுக்கவே பயந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

வரி ஒரு பெரிய தொகை, அது தெரிந்த செலவு. தெரியாத செலவுகள்தான் ஆளைத் தின்றன. முதலில் வண்டியை என் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எங்கள் இரண்டு பிள்ளைகளும் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று நோட்டரி முன் கொடுத்த பிரமாணம். மகள் வெளிநாட்டில் இருப்பதால் அவளுடைய தாள் வந்துசேர ஆறு வாரம் ஆனது. கார்க் கடனை 2023-இலேயே அடைத்திருந்தோம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரை நீக்கவில்லை. கடன் தீர்ந்ததென்று வங்கி கொடுத்த கடிதம் பைலில் பத்திரமாக இருந்தது. அதற்குக் காலக்கெடு உண்டு, அது கடந்துவிட்டது என்று சொன்னார்கள். மறுபடி வங்கிக்குப் போனேன். கடன் வாங்கியவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். நான் இறப்புச் சான்றை எடுத்து நீட்டினேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டாள். அன்றே முடித்துக் கொடுத்தாள்.

பிறகுதான் கர்நாடகத்தில் வாங்க வேண்டிய ஆட்சேபமில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. அதற்கு 28-ஆம் எண் படிவம். அதில் சேஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். வண்டியின் அடியில் பொறித்திருக்கும் எண்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்கள், எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கருமையில் எழும்பி வரும். கல்வெட்டில் மைப்படி எடுப்பதைப் போல. முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் நான், அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மற்றதை மறந்துபோனேன். வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்று காவல்துறைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸில் பெயரும் எண்ணும் மாற வேண்டும். ஃபாஸ்டேக்கை மூடிப் புதிதாக வாங்க வேண்டும். உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டை மறுபடி வாங்க வேண்டும். அந்தப் பழைய பிளேட்டைத்தான் 2024-இன் தொடக்கத்தில், கர்நாடக அரசு பழைய வண்டிகளுக்கெல்லாம் கெடு வைத்திருந்த சமயத்தில், உடம்பு சரியில்லாதபோதும் அவரே போய் வரிசையில் நின்று மாட்டிக்கொண்டு வந்தார். பெங்களூருக்கு மூன்று தடவை ரயிலில் போய்வந்த செலவு, அங்கே தங்கிய செலவு, நகல்கள், தபால். புரோக்கர் இல்லாமல் நடக்காது என்று நான்கு பேர் சொன்னார்கள். நான் புரோக்கரை வைக்கவில்லை. அதனால் இரண்டு பயணம் கூடுதலாக ஆயிற்று.

இங்கே தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரி, வண்டியின் வயதுக்குக் கழித்தபின்னும் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. தமிழ்நாடு 2023 நவம்பரில் புதுக் கார்களின் வாழ்நாள் வரியை விலைக்குத் தக்கபடி நூற்றுக்கு 12, 13, 18, 20 என்று உயர்த்தியிருந்தது. கர்நாடகத்தின் விகிதம் 13, 14, 17, 18. பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே சுமையை இரண்டு பேர் அடுத்தடுத்துத் தோளில் ஏற்றுவதுதான் வலிக்கிறது.

அண்ணன் மகன் நல்ல பிள்ளை. என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னான். “அத்தை, எதுக்கு இவ்வளவு அலைச்சல்? கே.ஏ. நம்பரோடயே இருக்கட்டும். நீங்க கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தானே எடுக்கப் போறீங்க? யாராவது கேட்டா போன மாசம்தான் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பெங்களூர் போயிட்டு வந்து டோல் ரசீதை வச்சுக்கிட்டா போதும்.” ஊரில் பலபேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னான். அது உண்மை. எங்கள் ஆலய வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை நிற்கிற வண்டிகளில் வெளிமாநில எண்களை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இங்கே வரி கட்டுவதைப் பதினொரு மாதம் தள்ளிப்போட்டேன். பணம் ஒரு காரணம். அதைவிட, இரண்டாம் தடவை கட்டுவது நியாயமா என்ற கேள்வி என்னை விடவில்லை. நியாயமில்லாத ஒன்றைக் கேட்கும் அரசிடம் பொய் சொன்னால் அது பொய்தானா? ஐந்து ரூபாய்க் கடனுக்கு நடந்துபோன மனிதரின் வண்டி அது. அதைப் பொய் சொல்லி ஓட்ட முடியுமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் அந்தப் பதினொரு மாதமும் கழிந்தது.

எங்கள் சேகரத்துப் போதகரான ஐயரிடம் கேட்டேன். அவர் உடனே மத்தேயு சுவிசேஷத்தில் இராயனுடைய தலை பொறித்த நாணயத்தைப் பற்றி வரும், இராயனுக்குரியதை இராயனுக்குச் செலுத்துங்கள் என்ற வசனத்தை எடுத்தார். வரி என்ற சொல் காதில் விழுந்ததும் கிறிஸ்தவர்கள் எல்லோரும் எடுக்கிற வசனம் அது. ஐயர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வசனம் இந்த இடத்துக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். அங்கே பேச்சு, ஒரு அந்நியப் பேரரசன், கைப்பற்றிய நாட்டில் வாங்குகிற தலைவரியைப் பற்றியது. ரோமன் வேறு, யூதன் வேறு என்பது கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். எனக்கு முன்னால் இருப்பது இராயன் இல்லை. நான் வாக்களித்து உண்டாக்கிய அரசு. என் சாசனம், 19-ஆம் பிரிவில், இந்தத் தேசத்தில் எங்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் எனக்கு உரிமை தந்திருக்கிறது.

பொருந்துகிற இடம் அதே மத்தேயு சுவிசேஷத்தில் பதினேழாம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களில் இந்தச் சம்பவம் மத்தேயுவில் மட்டும்தான் வருகிறது. சுங்கம் வாங்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பெயரால் வழங்குகிற புத்தகத்தில் அது இருப்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. கப்பர்நகூமில் வரி வாங்குகிறவர்கள் பேதுருவிடம் வருகிறார்கள். எருசலேம் தேவாலயத்துக்காக யூத ஆண்கள் வருஷந்தோறும் கொடுத்த அரைச் சேக்கல் வரி அது. உங்கள் போதகர் கட்டுவதில்லையா என்று கேட்கிறார்கள். கட்டுகிறார் என்று பேதுரு சொல்லிவிடுகிறார். வீட்டுக்குள் வந்ததும் இயேசு அவரிடம் கேட்கிறார்: உலகத்து ராஜாக்கள் வரியை யாரிடம் வாங்குகிறார்கள், சொந்தப் பிள்ளைகளிடமா, வெளியாரிடமா? வெளியாரிடம் என்கிறார் பேதுரு. அப்படியானால் பிள்ளைகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்கிறார் இயேசு. ஆனாலும் அவர்களுக்கு நாம் இடறலாக இருக்கக் கூடாது என்று சொல்லி, பேதுருவைத் தூண்டிலோடு கடலுக்கு அனுப்புகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கும், அதைக் கொண்டுபோய் இருவருக்குமாகக் கொடு என்கிறார்.

ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் எல்லோரும் இதை மீன் அற்புதமாகவே படித்தோம். மீனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஊரைப் பார்க்கவில்லை. கப்பர்நகூம் ஒரு எல்லை ஊர். பெரிய ஏரோது கி.மு. 4-இல் இறந்ததும் அவனுடைய ராஜ்யம் மூன்று பிள்ளைகளுக்குப் பங்காயிற்று. கலிலேயா அந்திப்பாவுக்குப் போனது. கலிலேயாக் கடலுக்கு வடகிழக்கே, யோர்தானுக்கு அக்கரையில் இருந்த பகுதி பிலிப்புவுக்குப் போனது. யோர்தான் ஆறு கலிலேயாக் கடலில் விழுகிற இடத்துக்கு இந்தப் பக்கம் கப்பர்நகூம், அந்தப் பக்கம் பெத்சாயிதா. இடையில் சில மைல்தான். முன்பு ஒரே ராஜ்யமாக இருந்தபோது இல்லாத எல்லை நடுவே வந்தது. கப்பர்நகூமில் ஆயத்துறை இருந்ததும் மத்தேயு அங்கே உட்கார்ந்திருந்ததும் அந்த எல்லையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் பேதுருவின் சொந்த ஊர் பெத்சாயிதா என்கிறது. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் அவர் வீடும் மாமியாரும் கப்பர்நகூமில் இருக்கிறார்கள். ஆக, பேதுரு பிலிப்புவின் நாட்டில் பிறந்து அந்திப்பாவின் நாட்டில் குடியேறிய மனிதர். அவர் பிறந்த கரையும் குடியேறிய கரையும் ஒரே கடலின் கரைகள். பேச்சும் ஒன்று, கும்பிட்ட ஆலயமும் ஒன்று. ஆனாலும் அவர் வேறொரு ஆட்சிக்குள் வந்தவர். அப்படி வந்த ஒருவரிடம்தான், பிள்ளையா வெளியாரா என்ற கேள்வியை இயேசு வைக்கிறார். அறுபது வருஷமாக வேதம் வாசிக்கிறேன். இந்த வருஷம், என்.ஓ.சி. தாளை மேஜைமேல் வைத்துக்கொண்டு வாசித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது.

தேவாலய வரிக்கும் வண்டி வரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கலாம். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கை என்னை யாராக எண்ணி நீளுகிறது? அந்த வரிக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். ஆனால் வரியை விடவில்லை. அதே தொகையை யூதர்களிடமிருந்து தொடர்ந்து வாங்கி, ரோமில் இருந்த ஜூப்பிட்டர் கோயிலுக்குக் கொடுத்தார்கள். அரைச் சேக்கலுக்குச் சமமான அதே இரண்டு திராக்மாதான். முன்பு பிள்ளையாகக் கொடுத்தவன் இப்போது அடிமையாகக் கொடுத்தான். தொகை மாறாமலே வரியின் பொருள் முழுக்க மாறிவிட முடியும்.

நம்முடைய மொழியில் இது இன்னும் ஆழமாக இருக்கிறது. ‘இறை’ என்றால் கடவுள், அரசன், வரி. சோழர் கல்வெட்டுகளைப் படித்த எவருக்கும் ‘இறையிலி’ என்ற சொல் தெரியும், வரி நீக்கிய நிலம். பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் நிலவரிக்கே ‘கடமை’ என்றுதான் பெயர். சாலைகளில் வாங்கிய சுங்கத்தை நீக்கியதற்காக முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று நாடு கொண்டாடிற்று. ஆனால் யாரையும் ‘கடமை தவிர்த்தவன்’ என்று புகழ்ந்ததாக நான் படித்ததில்லை. வழியில் போகிறவனை நிறுத்தி வாங்குவது ஒன்று, கூடி வாழ்கிறவன் பங்கு போடுவது ஒன்று என்று அந்தக் காலத்து மக்கள் பிரித்தே பார்த்திருக்கிறார்கள்.

என் கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருந்தது. பெங்களூரில் கட்டியதைச் சாலையின் விலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாலை வரி என்றே எல்லோரும் சொல்கிறோம். அப்படியானால் அந்தச் சாலையை இனி நான் உபயோகிக்கவில்லை, விலையைத் திருப்பிக் கொடு என்பதும், இங்கே நாலு வழிச் சாலைக்குச் சுங்கச்சாவடியில் தனியாகக் கொடுக்கிறேனே, பிறகு எதற்கு வரி என்பதும் சரிதான். நம் உச்ச நீதிமன்றமும் வெகுகாலம் அப்படித்தான் பார்த்தது. ராஜஸ்தானின் மோட்டார் வாகன வரியை எதிர்த்த வழக்கில் 1962-இல், சாலை வசதிக்கு ஈடாக வாங்கும் வரி வணிகச் சுதந்திரத்துக்குத் தடையாகாது என்று சொன்னது. 2016-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஜிண்டால் வழக்கில், அந்த ஈட்டுவரிக் கொள்கையையே பெரும்பான்மைத் தீர்ப்பால் தள்ளிவிட்டது. வரி என்பது எந்த வசதிக்கும் விலையல்ல, பொதுச் செலவுக்கான பொதுச் சுமை.

எனக்கு இது ஒரு வேதபாடம் போலவே வந்தது. விலையாக இருந்தால் பேரம் பேசலாம், வாங்காத பொருளுக்குக் கொடுக்க மறுக்கலாம். பங்காக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இப்போது யாரோடு வாழ்கிறேன்? ஊருக்கு வந்த இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார். 108 வந்து அவரைக் கொண்டுபோயிற்று. நான் அந்த வண்டியில் கூடப் போனேன். இந்த மாநிலத்தின் பொதுப் பணத்தில் என் வண்டி வரி ஒரு ரூபாய்கூட அன்று இல்லை. பெங்களூரில் கட்டிய லட்சத்து எட்டாயிரம் அங்கே யாருக்கோ உதவியிருக்கும். அது வீணாகவில்லை. ஆனால் என் அயலார் இப்போது இங்கே இருக்கிறார்கள். வண்டி போன மாதம்தான் வந்தது என்று நான் சொன்னால், பொய் அரசாங்கத்திடம் சொன்னது போலத் தோன்றும். உண்மையில் இவர்களோடு நான் வாழவில்லை என்று சொல்வதாக ஆகும். அது எனக்குக் கூடாது.

மீன் வாயில் இருந்த நாணயம் இரண்டு பேருக்குமானது என்பதை இப்போது கவனிக்கிறேன். தனக்கு மட்டும் கட்டிவிட்டு இயேசு போகவில்லை. பிள்ளை நான், கட்டத் தேவையில்லை என்பதைச் சொல்லவும் செய்தார், பக்கத்தில் நிற்பவனின் பங்கையும் சேர்த்துக் கொடுக்கவும் செய்தார்.

ஆனால் அவர் முதலில் கேட்ட கேள்வியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நம் அரசுகள் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். 2021 செப்டம்பர் 15 முதல் பி.எச். எண் வரிசை வந்திருக்கிறது. அந்த எண் உள்ள வண்டிக்கு எந்த மாநிலத்திலும் மறுபதிவு வேண்டாம். வரியையும் பதினைந்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம், இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம். எவ்வளவு நியாயமான ஏற்பாடு! வாழ்கிற இடத்தில், வாழ்கிற காலத்துக்கு மட்டும் பங்கு. ஆனால் அது யாருக்கு? ராணுவத்தார், மத்திய மாநில அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள். கணவனை இழந்து ஊர் திரும்பும் பெண்ணுக்கு இல்லை. ஒற்றை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அதை விட்டு வேறு மாநிலத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸுக்கு இல்லை. ஓசூரில் கடையை மூடிவிட்டு சித்தூரில் கடை போடுகிறவருக்கு இல்லை. சிலரைப் பிள்ளைகளாக எண்ணியாயிற்று, மற்றவர்கள் எல்லையில் வெளியாராக நிற்கிறார்கள்.

இன்னொரு பக்கம், வரி குறைவென்று புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்து ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்துவிட்டு வேறு மாநிலங்களில் ஓட்டுகிறவர்கள் உண்டு. 2017-இல் கேரளத்தில் இது பெரிய விவகாரமாக வெடித்தது. கோடி ரூபாய்க் கார் வைத்திருப்பவர் ஒரு தடவைகூட முழுதாகக் கட்டாமல் தப்புகிறார். வாழ இடம் மாறியவர் இரண்டு தடவை கட்டுகிறார். இதில் எது இடறல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஆனால் முதலில் புது மாநிலத்தில் முழுதாகக் கட்டி, புது எண் வாங்கி, அந்தச் சான்றோடு பழைய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அலைச்சலுக்குப் பயந்து பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து, எங்கள் உறவில் மாநிலம் மாறிய ஆறு குடும்பங்களில் ஒன்றுதான் கேட்டிருக்கிறது. விட்டுக்கொடுப்பது தாழ்மை என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சகேயு என்ற ஆயக்காரத் தலைவன், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னபோது, இயேசு வேண்டாம் என்று தடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். வாங்கிய கை திருப்பிக் கொடுப்பதும் தர்மத்தில் பாதி.

திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றும் சொல்ல முடியாது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் சரக்கின் வரி, போய்ச்சேர்ந்த மாநிலத்துக்குக் கணக்கில் தானாகவே போகிறது. வியாபாரி எல்லையில் இரண்டு தடவை கட்டுவதில்லை. அரசுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன. கர்நாடகம், தமிழ்நாடு இரண்டிலும் வண்டிகளின் பதிவு ‘வாகன்’ என்ற ஒரே தேசியத் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. என் கார் எப்போது எங்கே எவ்வளவு கட்டியது என்பது அதில் இருக்கும்போது, மீதி வரியைக் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு நேரே மாற்றினால் என்ன? ஒரு மூட்டைச் சரக்குக்குக் கிடைக்கும் வசதி, அதை வாங்குகிற குடும்பம் ஊர் மாறும்போதும் கிடைக்க வேண்டும். சேகரம் மாறி வந்தபோது பெங்களூர்ச் சபையிலிருந்து ஒரு கடிதம்தான் கொண்டுவந்தேன். இங்கே யாரும் என்னை மறுபடி ஞானஸ்நானம் பெறச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது இங்கே விண்ணப்பம் கொடுத்தேன். வண்டி எந்தத் தேதியிலிருந்து இந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். வந்த தேதியையே சொன்னேன். வரி கட்டினேன். அண்ணன் மகன்தான் கூட வந்தான். வரிசையில் நின்றதும் அவன்தான். புது எண் வந்து கே.ஏ. பிளேட்டைக் கழற்றியபோது, அவர் வரிசையில் நின்று வாங்கியது என்பதால் எனக்கே வேண்டும் என்று நினைத்தேன். விதிப்படி அதை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஒப்படைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே மீதி வரியைத் திரும்பக் கோரும் விண்ணப்பத்தை எழுதி, மறுநாள் பெங்களூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று மாதம் ஆகிறது. பணம் இன்னும் வரவில்லை. வந்தால் அதில் முதல் பங்கு எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையாகப் போகும். வராவிட்டால் நேரில் போவேன்.

உங்கள் வீட்டில் யாராவது மாநிலம் மாறப் போகிறார்கள் என்றால் ஒரு வார்த்தை. கடன் தீர்ந்த அன்றே ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்கிவிடுங்கள். முதலில் வரி கட்டிய மூல ரசீதைத் தொலைக்காதீர்கள். என்.ஓ.சி.யைக் கொடுக்குமுன் இரண்டு நகல் எடுத்து வையுங்கள், வரியைத் திரும்பக் கேட்கும்போது வேண்டியிருக்கும். புது எண் வந்த வாரமே பழைய மாநிலத்துக்கு எழுதுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கண்டால், வண்டி வரியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டும் வசதியை எல்லோருக்கும் ஏன் தரக்கூடாது என்று கேளுங்கள். நானும் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்.